குனிந்து பார்க்கச் சொன்னவள்

மாலை நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்கு நான் ஒரு சுவரைத் தள்ளினேன். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், அதற்குச் சற்று முன்னால்தான் கைப்பேசியைப் பார்த்திருந்தேன். 'கிளம்பியாச்சா?' என்று என் கணவர் கேட்டிருந்தார். 'பத்து நிமிஷம்' என்று பதில் போட்டுவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தள்ளினேன். சுவருக்கு அடியில் சக்கரங்கள் இருந்தன. சுலபமாக நகர்ந்தது. தள்ளுவதற்கு முன்னால் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும் என்பது அந்த இடத்தின் விதி. நான் பார்க்கவில்லை. உள்ளே என் மகள் இருந்தாள்.

அந்த விதியைப் போட்டவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். மரியாதைக்கு 'அவர்' என்று எழுத வேண்டும். இரண்டு முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். கை வரவில்லை.

பிள்ளைகள் அவளை மாஷி என்று கூப்பிட்டார்கள். வங்காளத்தில் அம்மாவோடு பிறந்தவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் தமிழ்க்காரி. அவளுடைய அப்பா எந்தக் காலத்திலோ ஒரு கம்பெனி வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். அவள் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் பேசிய பாஷை. எழுதப் படிக்கத் தெரியாது. 'வாங்கோ போங்கோ' என்று பேசுவாள். கோபம் வந்தால் நடுவில் வங்காளிக்குப் போய்விடுவாள். என்னிடம் பேசும்போது அடிக்கடி போனாள்.

கரியாஹாட்டில் புடவைக்கடைச் சத்தம் எட்டாத ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் அந்தச் சின்ன அருங்காட்சியகம் இருந்தது. வீட்டின் சொந்தக்காரர் ஆயுள் முழுக்கச் சத்தம் போடும் பொருள்களாகச் சேர்த்தவர். டிராம் மணி, ஆற்றில் ஓடும் லாஞ்சின் ஊதல், கைரிக்ஷாக்காரர் விரலில் மாட்டித் தட்டும் மணி, சங்கு, டயல் சுற்றும் தொலைபேசி, சாந்த்ராகாச்சி ரயில் யார்டிலிருந்து வாங்கிவந்த ஒரு தண்டவாளத் துண்டு. அவர் போனபிறகு எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் ஊமையாகக் கிடந்தன. பிறகு ஓர் அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. பகலில் பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் அடித்தும் ஊதியும் பார்க்க வேண்டும்; சாயங்காலம் அதே கூடத்தில் சொற்பொழிவு, பாட்டு என்று பெரியவர்கள் கூட வேண்டும். இருப்பது ஒரே ஒரு கூடம். இதை வடிவமைத்துத் தரச் சொல்லி மாஷியை அமர்த்தினார்கள்.

அவள் எதையும் ஆணி அடிக்கவில்லை. ஐந்து மரச்சுவர்கள் செய்து அடியில் சக்கரம் வைத்தாள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேலே, துணி அலமாரி அளவுக்குத் தடிமன். பலகை முழுக்க ஒரு சாணுக்கு ஒரு துளை. எந்த மணியையும் எந்தத் துளையிலும் மாட்டலாம், பிள்ளைகளே கழற்றி இடம் மாற்றலாம். இன்று வகுப்பறை மாதிரி, நாளை வளைந்து போகும் சந்து மாதிரி, மறுநாள் நடுவில் முற்றம் விட்ட வீடு மாதிரி கூடம் மாறிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஐந்து சுவர்களையும் ஒரு மூலைக்குத் தள்ளி, புத்தகத்தின் பக்கங்களைப் போல ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்திவிட்டால் இடம் காலி. நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சுவருக்குள்ளும் பிள்ளைகள் நுழைந்து உட்காரும்படி ஒரு பொந்து இருந்தது. வாசல் என் இடுப்புக்குக் கீழேதான் ஆரம்பிக்கும். நின்றுகொண்டு பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால்தான் அந்த விதி. முதலில் மூன்று தட்டு, பிறகு குனிந்து பார்ப்பது, பிறகு தள்ளுவது.

நான் அவளை முதலில் பார்த்தபோது முழங்காலில் இருந்தாள். கடைசியாகப் பார்த்தபோதும் அப்படித்தான். தரையில் ஓடு பதிக்கும் கொத்தனார்கள் கட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை இரண்டை, வெளிறிப்போன சல்வாருக்கு மேல் முழங்காலில் கட்டியிருப்பாள். அப்படியே கூடம் முழுக்க நகர்வாள். எந்தப் பொருளை மாட்டினாலும் முழங்காலில் நின்று கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துத்தான் மாட்டுவாள். எழுந்து நின்றால் ஓங்குதாங்கான பொம்பளை. ஆனால் பெரியவர்களிடம் பேச வேண்டியிருந்தால் மட்டும்தான் எழுந்து நிற்பாள். அதனாலேயோ என்னவோ, எங்களிடம் பேசும்போது அவள் முகத்தில் ஒரு சிரமம் தெரியும்.

"அம்மா, நீங்க கோட்டுக்கு அந்தண்ட நில்லுங்கோ." என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. வாசலுக்கு உள்ளே சிவப்புத் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள்.

"பிள்ளைய விட்டுட்டு நான் எப்படி இங்கேயே நிக்கிறது?" என்றேன்.

"எல்லாரும் எப்படி நிக்கறாளோ அப்படித்தான். அரே பாபா, இங்க எல்லாத்துக்கும் சக்கரம் வெச்சிருக்கேன். பெத்தவாளுக்கு மட்டும் வெக்க முடியலை. நடுவுல நின்னா நகர்த்தவே முடியாது."

கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்ற வங்காளி அம்மாக்களுக்கு இதையே அவர்கள் பாஷையில் திருப்பிச் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மதுரையில் பதினோரு வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவள். கணவருக்கு மாற்றல் வந்ததால் வேலையை விட்டுவிட்டுச் சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வந்து உட்கார்ந்தவள். அப்போது அபிக்கு ஒன்பது வயது. எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே வேலை அவள்தான்.

கூடம் தயாராகும் முன்பே, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பரிசோதித்தாள் மாஷி. முதலில் மரத்தில் செய்யவில்லை. கடைகளிலிருந்து குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைகளை வாங்கி, முழு அளவில் அட்டைச் சுவர்கள் செய்து நிறுத்தினாள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு சிவப்புப் பென்சில். எங்கே முட்டிக்கொண்டாயோ அங்கே ஒரு பெருக்கல் குறி போடு, எங்கே சலித்துப்போயிற்றோ அங்கே ஒரு வட்டம் போடு. நன்றாக இருந்ததா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. "எங்கடா போர் அடிச்சுது? காமி," என்றுதான் கேட்பாள். சங்குகளுக்காக மூன்று வாரம் உட்கார்ந்து செய்த ஒரு சுவரில் ஏழெட்டு வட்டங்கள் விழுந்தன. அவள் வட்டங்களை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியை எடுத்து அந்த அட்டையைக் குறுக்கே கிழித்துவிட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நானும் உதவத்தான் நினைத்தேன். ஒலி எப்படி உண்டாகிறது, எதில் வேகமாகப் போகிறது என்று எளிய ஆங்கிலத்தில் பன்னிரண்டு அட்டைகள் எழுதினேன். எழுத்து கோணாமல் இருக்க அடியில் கோடு போட்டு எழுதி, படமும் வரைந்து, கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றபடி நீட்டினேன். அவள் எழுந்து வந்து முதல் அட்டையைப் படித்தாள்.

"நன்னா எழுதியிருக்கேள். இத யாரு படிப்பா?"

"பிள்ளைங்கதான்."

"அபி படிச்சாளா?"

அபிக்கு நான் காட்டவே இல்லை. அவள் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை, புதிதாக வந்த மரச்சுவர்களில் ஆடிக்கொண்டிருந்த ஒன்றின் சக்கரத்துக்கு அடியில் அவை நான்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் என் கையெழுத்து தெரிந்தது. அந்த ஆங்கில வரியில் 'காற்றைவிடத் திடப்பொருளில்' என்ற இடம் வரைக்கும் படிக்க முடிந்தது. அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அபி என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். எதுவும் என் காதில் விழவில்லை.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அபி வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள். வகுப்பில் வாய் திறக்காத பெண், அங்கே டிராம் மணியை எங்கே மாட்டுவது என்று பத்துப் பிள்ளைகளோடு வங்காளியில் சண்டை போட்டாள். மாஷி முழங்காலில் நின்று, அவள் கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்து, ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பதுபோல யோசனை கேட்பாள். அபி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அம்மா, மாஷி பொய்யே சொல்ல மாட்டாங்க. நான் பண்ணுனது கேவலமா இருந்தா கேவலமா இருக்குன்னே சொல்லிருவாங்க."

"அது நல்ல பழக்கமாடி?" என்றேன்.

"நீ எல்லாத்தையும் சூப்பர்னு சொல்லுவ," என்றாள் அபி.

ஐந்து சுவர்களில் ஒன்றின் பொந்தை மட்டும் மாஷி வேறு மாதிரி செய்திருந்தாள். உள்ளே நான்கு பக்கமும், மேலேயும், ஒரு கை கனத்துக்குச் சணல் மெத்தை. சத்தங்களின் கூடத்தில் சத்தமே இல்லாத ஓரிடம் வேண்டும் என்றாள். உள்ளே போனால் வெளியே அடிக்கும் தண்டவாள மணி எங்கோ அடுத்த தெருவில் அடிப்பதுபோல இருக்கும். உள்ளேயிருந்து கத்தினாலும் வெளியே முனகல் அளவுக்குத்தான் வரும். பிள்ளைகள் அதற்குச் சுப்-கர் என்று பேர் வைத்தார்கள், பேச்சில்லாத அறை என்று அர்த்தம். அபிக்கு அதுதான் பிடித்த இடம்.

அதை வைத்து மாஷி ஒரு விளையாட்டும் கண்டுபிடித்திருந்தாள். ஒரு பிள்ளை சுப்-கருக்குள் போகும். மற்றவை வெளியே தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்ளும். "கத்தாதே. கத்தினா சணல் தின்னுடும். அடிப்பலகையைக் காலால தட்டு, சக்கரம் வழியா தரைக்கு வரும்," என்பாள். பிள்ளைகள் வரிசையாகக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, கேட்டது கேட்டது என்று கூவும். வெளுத்த கவுனோடு அபி அந்தத் தரையில் படுப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசலில் ஒரு பதிவேடு வையுங்கள், எத்தனை பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று எழுதுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கையை வீசினாள். "இது என்ன ஜெயிலா? நான் ஒவ்வொரு சுவரையும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் தள்றேன். எண்ணிக்கை தப்பும். கண்ணு தப்பாது."

அவள் கண் தப்பவில்லைதான். சுவரை நகர்த்தும் முன் மூன்று முறை தட்டுவாள். முழங்காலில் இறங்கி, தலையைப் பொந்துக்குள் விட்டு, ஒரு கையால் மூலை வரைக்கும் துழாவுவாள். பிறகுதான் தள்ளுவாள். தினமும், ஐந்து சுவருக்கும். பூசை நடக்கிறது என்று நான் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேலி செய்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வேலைக்காரர் ஒருவர் வரவில்லை. ஐந்தரைக்கு ஒரு சொற்பொழிவு இருந்தது. இருந்த ஒருவர் மேடைப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளெல்லாம் வெளித் தாழ்வாரத்தில் மசாலாப் பொரி வாங்கப் போயிருந்தார்கள். சனிக்கிழமைகளில் முடிவில் அது உண்டு. அபியும் போயிருப்பாள் என்று நினைத்தேன். மாஷி இரண்டு சுவர்களைத் தட்டி, குனிந்து பார்த்து, மூலைக்குத் தள்ளியிருந்தாள். அதற்குள் ஃபியூஸ் போய்விட்டதென்று எலெக்ட்ரீஷியன் கூப்பிட்டதும் வெளியே போனாள். எனக்குப் பேருந்துக் கவலை. சனிக்கிழமை சாயங்காலம் கரியாஹாட்டிலிருந்து சால்ட் லேக் போய்ச் சேருவது லேசான காரியமில்லை. அவள் இந்தப் பூசையை முடித்து அபியை அனுப்புவதற்குள் இருட்டிவிடும் என்று நினைத்தேன். கோட்டைத் தாண்டிப் போனேன். மூன்றாவது சுவரைத் தள்ளினேன்.

ஏன் குனியவில்லை? மறந்துபோயிற்று என்று எனக்கே பல நாள் சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சுவரில் கை வைத்ததும் அந்த விதி ஞாபகத்துக்கு வந்தது. இவள் சொல்லி நான் மண்டியிடுவதா என்ற நினைப்பும் கூடவே வந்தது.

சுவர் போய், பொந்தின் வாசல் உள்பக்கமாக, இரண்டாவது சுவரோடு சேர்ந்தது. சக்கரத்தின் பூட்டைக் காலால் அழுத்தினேன். திரும்பினால் மாஷி வாசலில் நின்றிருந்தாள்.

"குனிஞ்சு பாத்தேளா?"

"பார்த்தேன்," என்றேன்.

அவள் என்னை ஒரு விநாடி பார்த்தாள். "தேங்க்ஸ்," என்றாள். நான்கு மாதத்தில் அவள் எனக்குச் சொன்ன ஒரே நன்றி. மிச்சம் இரண்டு சுவர்களைத் தட்டி, குனிந்து பார்த்து, தள்ளிக்கொண்டுவந்து என் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள்.

ஐந்து பத்துக்குத் தாழ்வாரத்துக்கு வந்தேன். பொரி தின்றுகொண்டிருந்த பிள்ளைகளில் அபி இல்லை. கழிப்பறையில் இல்லை. மாடிப்படியில் இல்லை. மாஷி மாடிக்கும் பின்கட்டுக்கும் ஓடினாள். நான் தெருவுக்கு ஓடினேன். சந்து முனையிலிருந்து நாற்சந்தி வரைக்கும் மனிதத் தலைகள். வளையல் கடை, பை கடை, வறுவல் கடை ஒவ்வொன்றிலும் நின்று, மஞ்சள் கவுன், இவ்வளவு உயரம் என்று தமிழிலேயே கேட்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச வங்காளியும் போய்விட்டது. ஒரு கடைக்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தம்ளரை வாயில் வைத்தபோதுதான் எனக்கு அது கேட்டது. குனிஞ்சு பாத்தேளா?

எப்படித் திரும்பி ஓடிவந்தேன் என்று தெரியாது. கூடத்துக்குள் சொற்பொழிவுக்கு வந்தவர்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து சுவர்களும் ஒரே கட்டையாக மூலையில் நின்றன. முன்னால் மேடை. நான் வாசலில், அந்தச் சாக்கட்டிக் கோட்டின் மேல் நின்றேன். மூன்றாவது சுவர் என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அதற்குள், மாடியிலும் பின்கட்டிலும் தேடிவிட்டுத் திரும்பியிருந்த மாஷி கையை உயர்த்தினாள். "சுப்!" என்று அவள் போட்ட அதட்டலில் ஒலிபெருக்கிக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். வேட்டி கட்டிய கனவான்களும் பட்டுப்புடவை அம்மாக்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஓங்குதாங்கான பொம்பளை மேடைக்குப் பக்கத்தில் தரையில் முழுநீளத்துக்குக் குப்புறப் படுத்தாள். கன்னத்தைச் சிவப்புத் தரையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். படுத்தபடியே அவர்களை நோக்கி விரலை நீட்டினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "மூணு," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம். "மறுபடி மூணு."

காற்றைவிடத் திடப்பொருளில் ஒலி வேகமாகவும் நன்றாகவும் போகும். பதினோரு வருஷம் நான் நடத்திய பாடம். எனக்குத் தோன்றவில்லை.

மேடையைப் புரட்டி, இரண்டு சுவர்களை இழுத்து, மூன்றாவதை வெளியே கொண்டுவந்தார்கள். சுப்-கருக்குள் அபி குறுகி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் சணல் நார். கவுன் நனைந்திருந்தது, வியர்வையால் மட்டும் அல்ல. ஒரு காலில் செருப்பு இல்லை. அதைக் கழற்றிக் குதிகாலால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். சுவர்களுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி நிற்கும்படி மாஷி ரப்பர் முட்டுகள் வைத்திருந்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நான் சொன்னவை. காற்று அந்த வழியாகத்தான் வந்தது.

வெளியே வந்த அபி என்னைப் பார்க்கவில்லை. "மாஷி, நான் சரியாத் தட்டுனேனா?" என்றாள்.

"சரியாத் தட்டினே. மூணு மூணாத் தட்டினே," என்றாள் மாஷி.

நான் அபியைப் பிடித்து இழுத்து என்னோடு சேர்த்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், முழங்காலில் இருந்தவளைப் பார்த்துக் கத்தினேன். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒரு பிள்ளையப் பெத்திருந்தாத்தானடி உனக்குத் தெரியும்!" தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும். மாஷி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை என்பதற்காகவும் அவளை வெறுத்தேன்.

மறுநாள் காலை அறக்கட்டளைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதிவேடு இல்லை. பெற்றோரை உள்ளே விடுவதில்லை. நகரும் சுவர்கள் ஆபத்தானவை. எழுதியது எதுவும் பொய் இல்லை. யார் தள்ளினார்கள் என்று மட்டும் எழுதவில்லை. கூடத்தை மூடிவிட்டார்கள். பத்து நாள் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் பேசினார், மிகவும் மரியாதையாக.

"அவரிடம் விளக்கம் கேட்டோம். 'என் கூடம், என் பொறுப்பு' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறு எதுவும் சொல்ல மறுக்கிறார். நீங்கள் சேர்க்க வேண்டியது ஏதாவது உண்டா, மேடம்?"

"இல்லை," என்றேன்.

அதற்குப் பிறகு அவளை விலக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சுவர்களை ஓரிடத்தில் நிறுத்தித் தரையோடு ஆணி அடித்துவிடப் போவதாகவும் சொன்னார்கள்.

வீட்டில் அபி கழிப்பறைக் கதவைச் சாத்துவதில்லை. லிஃப்டில் ஏறுவதில்லை, மூன்று மாடியும் நடந்தே வருவாள். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"மாஷி எப்பவும் தட்டுவாங்களே. நான் அந்த மூணு தட்டுக்காகத்தான் உள்ளயே இருந்தேன். தட்டுனா வெளிய வந்துரலாம்னு. அன்னைக்கு மட்டும் ஏன் தட்டல?"

"அங்க வேலை பாக்கிற யாராவது தள்ளியிருப்பாங்க. நீ சாப்பிடு."

"இல்ல. அவங்களும் தட்டுவாங்க. எல்லாரும் தட்டுவாங்க." சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "மாஷிக்கு என் மேல கோவமா? அன்னைக்குக் காலைல நான் ஊதலை உடைச்சேன்ல," என்பாள்.

இல்லை என்று சொன்னேன். கோபமெல்லாம் இல்லை, மறந்துபோயிருப்பாள் என்று சொன்னேன். மாஷி மறப்பவள் இல்லை என்று அபிக்குத் தெரியும். அதனால் கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். சிவப்புப் பென்சிலை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அதை நான் எடுத்து வைத்தேன். மறுபடியும் போட்டாள்.

இதையெல்லாம் என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். சொன்னால் அபி என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்ததும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அபிக்கு ஒரே ஒருவர் மேல்தான் நம்பிக்கை மிச்சமிருக்க முடியும் என்றால், அது அம்மா மேல் இருக்கட்டும் என்றுகூட நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கதவை யாரோ தட்டினார்கள். அழைப்பு மணி இருக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. மூன்று தட்டு. உள்ளறையில் இருந்த அபி ஓடிவந்து, நான் எழுவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

மாஷி நின்றிருந்தாள். முழங்காலில் பட்டை இல்லை. கையில் ஒரு காகிதப் பொட்டலம். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே, மொசைக் தரையில், மெதுவாக ஒரு காலும் பிறகு மறு காலுமாக மண்டியிட்டாள். பட்டை இல்லாததால் வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. பொட்டலத்தைப் பிரித்து அபியின் செருப்பை எடுத்து வைத்தாள்.

"சுப்-கர்ல என்ன குறைச்சல்? நீதான் அதுல ரொம்ப நேரம் இருந்தவ. சொல்லு," என்றாள்.

அபி வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். "வெளிய பாக்கிறதுக்கு ஓட்டை இல்ல," என்றாள். பிறகு, "நீங்க ஏன் தட்டல மாஷி?"

"நான் அந்தச் சுவரைத் தள்ளலைடி."

"அப்ப யாரு?"

மாஷி செயலாளரிடம், அறக்கட்டளையிடம், அத்தனை பெரியவர்களிடமும் மூடி வைத்திருந்ததைத் திறக்கவும் இல்லை, அபியிடம் பொய் சொல்லவும் இல்லை. தலையை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். அபியும் திரும்பிப் பார்த்தாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது.

"அபி," என்று ஆரம்பித்தேன். "அன்னைக்கு வந்து..."

"நின்னுண்டு சொல்லாதீங்கோ," என்றாள் மாஷி. "குனிங்கோ."